ஏரிக்கரையில் இருபத்தைந்து நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவிட்சர்லாந்து போய்வந்தவர்களிடம் அங்கே மொத்தம் எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கேட்பது அண்மைக் காலமாக என் வழக்கமாகிவிட்டது. பலரும் சற்று யோசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். ஹோட்டலிலிருந்து பேருந்துக்கும், பேருந்திலிருந்து பனிமலை உச்சிக்குச் செல்லும் ரயிலுக்கும், உச்சியில் படம் எடுக்கும் மேடைக்கும் நடந்ததையெல்லாம் கூட்டினால், இங்கே சிங்கப்பூரில் ஓர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தடம் மாறுவதற்கு நடக்கும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரலாம்.

நானும் அப்படிப் போனவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் சேர்ந்த குழுப் பயணத்தில் பத்து நாளில் ஐந்து நாடுகள். எங்கடீன் பள்ளத்தாக்கில் ஓர் ஏரிக்கரையில் பேருந்து நின்றது. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இருபத்தைந்து நிமிடம், கழிவறையும் இதற்குள்தான்" என்றார். கழிவறை வரிசையிலேயே பதினைந்து நிமிடம் போய்விட்டது. மிச்சமிருந்த நேரத்தில் கரையோரம் போனபோது, நீர்விளிம்பை ஒட்டி ஒரு மண் பாதை வளைந்து காட்டுக்குள் நுழைவதையும், அதன் தொடக்கத்தில் மஞ்சள் பலகை ஒன்று அடுத்த ஊருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று காட்டுவதையும் பார்த்தேன். அதற்குள் பேருந்தின் ஒலிப்பான் அழைத்துவிட்டது. அந்தப் பலகை மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை. சென்ற அக்டோபரில் குழு எதுவுமின்றி நாங்கள் இருவரும் திரும்பப் போய், ஆறு நாள்கள் அந்த ஏரியைச் சுற்றியும் பக்கத்து மலைகளிலும் நடந்துவிட்டு வந்தோம். நம் குடும்பங்கள் ஆல்ப்ஸ் மலைக்குப் போகும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த ஆறு நாள்களின் அனுபவத்தைக் கொண்டு சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் சொல்லும் நீர்நிலை சில்ஸ் ஏரி. சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் கிராபுண்டன் மாநிலத்தின் மேல் எங்கடீன் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கு 1,797 மீட்டர் மேலே, நான்கு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பும் 71 மீட்டர் ஆழமுமாகக் கிடக்கிறது. நம் புக்கிட் தீமா குன்றின் உயரம் 163.63 மீட்டர், பதினொரு புக்கிட் தீமாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த ஏரியின் நீர்மட்டத்தையே எட்ட முடியும். சூரிக்கிலிருந்து ரயிலில் கூர் நகருக்கு வந்து, அங்கே குறுகிய இருப்புப்பாதையில் ஓடும் சிவப்பு ரயிலுக்கு மாறினால் இரண்டு மணி நேரத்தில் செயின்ட் மோரிட்ஸ். அந்த ரயில் பாதை 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சன்னலோர இருக்கை கிடைத்தால் அதுவே ஒரு சுற்றுலா. செயின்ட் மோரிட்ஸிலிருந்து ஏரிக்கரைச் சிற்றூரான சில்ஸ் மரியாவுக்குப் பேருந்தில் அரை மணிக்குள் போய்விடலாம்.

அக்டோபர் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அம்மாதத்தில் பொன்னிறமாகும் லார்ச் என்ற ஊசியிலை மரம். நாம் 'இலையுதிர்காலம்' என்று பழகிவிட்ட சொல் நம் பருவங்களில் இல்லாதது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறைத்தான் நம் முன்னோர் எண்ணினார்கள், அவற்றில் கூதிரைத்தான் மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரிய பொழுதாகவும் வைத்தார்கள். ஐப்பசி பிறப்பதும் லார்ச் காடு பொன்னாவதும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடப்பது எனக்குப் பிடித்த பொருத்தம். ஐரோப்பாவின் சொந்த ஊசியிலை மரங்களில் ஆண்டுதோறும் ஊசிகளை அடியோடு உதிர்த்துவிடுவது லார்ச் ஒன்றே. உதிர்க்கும் முன் ஊசியிலுள்ள சத்தை மரம் உள்ளிழுத்துக்கொள்கிறது, பச்சையம் சிதைகிறது, அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. அதே காட்டில் கலந்து நிற்கும் ஆரொல்லா பைன் மரங்கள் கரும்பச்சை மாறாமல் நிற்பதால், பொன்னுக்கு நடுவே கருந்திட்டுகளாகக் காடு முழுவதும் புள்ளியிட்டதுபோல் தெரியும்.

இந்தக் காட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழுக்கள் பெருகி, கோடை நடுவிலேயே லார்ச் ஊசிகளைத் தின்று சரிவு முழுவதையும் பழுப்பாக்கிவிடும். மரங்கள் பெரும்பாலும் சாவதில்லை. அதே கோடையில் மறுபடி துளிர்க்கும். ஆனால் அந்த ஆண்டின் வளையம் மரத்துக்குள் மெலிந்து பதிந்துவிடுகிறது. பழைய மரங்களிலும் பழைய வீடுகளின் உத்தரங்களிலும் இருக்கும் அந்த மெலிந்த வளையங்களை எண்ணி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பெருக்கம் தவறாமல் நிகழ்ந்துவந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 1980களுக்குப் பிறகு அந்த ஒழுங்கு தளர்ந்தது, பருவநிலை வெப்பமடைவதோடு அதை அவர்கள் தொடர்புபடுத்துகிறார்கள்.

நடைக்கு வருகிறேன். சில்ஸ் மரியாவிலிருந்து ஏரியின் தென்கரையை ஒட்டி ஈசொலா என்ற குக்கிராமம் வழியாக மலோயா வரை செல்லும் பாதை ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிவருபவர்களுக்கு இது சிரமமே இல்லை. நாங்கள் காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டபோது புல்லெல்லாம் வெண்பனி பூத்திருந்தது. பாதையிலிருந்த மரப்பலகைப் பாலத்தில் மனைவி காலை வைத்ததும் வழுக்கியது. அதன் பிறகு பலகை வந்த இடமெல்லாம் ஓரத்துப் புல்லில் கால் வைத்தே கடந்தோம். தென்கரை, மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த பிட்ஸ் த லா மார்ஞா மலையின் நிழலில் கிடப்பதால் அக்டோபரில் அந்தப் பக்கத்துப் பனி நண்பகல்வரை உருகுவதில்லை. எதிர்க்கரையில் சரிவின் மேலே உள்ள கிரேவசால்வாஸ் என்ற கல்வீட்டுச் சிற்றூரோ அந்நேரத்தில் வெயிலில் குளித்துக்கொண்டிருந்தது. அங்கே போகும் பாதையில் ஏற்றம் உண்டு. என்றாலும் அக்டோபர் பிற்பகுதியில் போகிறவர்கள் நிழற்கரையை விட்டு அந்த வெயிற்சரிவைத் தேர்ந்துகொள்வதே நல்லது என்பேன்.

அன்று நீர்விளிம்பில் மனைவி குனிந்து எதையோ எடுத்தார். எலுமிச்சை அளவில் பழுப்பு நிறத்தில் கெட்டியான ஓர் உருண்டை. ஏரியில் உதிர்ந்த லார்ச் ஊசிகளை அலை ஆழமற்ற கரையோரத்தில் முன்னும் பின்னும் உருட்டி உருட்டி, ஒன்றோடொன்று பின்னிப் பந்தாக்கிவிடுகிறது. சில்ஸ் ஏரிக்கே பேர்போன பொருள் இது; ஊர்க்காரர்கள் இதன் வடிவில் இனிப்பும் செய்து விற்கிறார்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தேன், உதிரவில்லை. எந்தக் கையும் பிடிக்காமல் பிடித்த உருண்டை. "பொருள்விளங்கா உருண்டைன்னா இதுதாங்க" என்றார் மனைவி. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு நடந்தோம்.

காற்றைப் பற்றி ஒரு சொல். மலைப் பள்ளத்தாக்குகளில் பகலில் காற்று கீழிருந்து மேல்நோக்கி வீசுவதுதான் இயல்பு. மேல் எங்கடீனில் அது தலைகீழ். மலோயா கணவாய்வழி ஏறிவரும் காற்று, பகல் ஏறியதும் பள்ளத்தாக்கில் கீழ்நோக்கி ஏரிகளின்மேல் பாய்கிறது. கோடையில் பாய்மரப் பலகைக்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்களாம். இலையுதிர்காலத்தில் அதன் வேகம் குறைவுதான் என்றாலும், குளிர்ந்த பிற்பகலில் எதிர்க்காற்றில் நடப்பது நம்மைப் போன்ற வெப்பநாட்டுக்காரர்களுக்குத் தண்டனை. ஆகவே காலையில் புறப்பட்டால் சில்ஸிலிருந்து மலோயாவுக்கும், பிற்பகலில் புறப்பட்டால் பேருந்தில் மலோயாவுக்குப் போய் அங்கிருந்து சில்ஸை நோக்கியும் நடக்க வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு தமிழர். சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர்கள் வாழ்வதாகப் படித்திருந்தாலும் அந்த மலைமூலையில் தமிழ் காதில் விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் தங்கியிருந்த சிறு விடுதியின் சமையற்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவர், "நீங்கள் சிங்கப்பூரோ? கன நேரமா உங்கட கதையைக் கேட்டுக்கொண்டு நிண்டனான்" என்றார். வந்து இருபத்தெட்டு ஆண்டுகளாகின்றனவாம். "முதல் பத்து வருஷம் இந்த ஏரியைக் குசினி யன்னலாலதான் பாத்தனான். இப்ப லீவெண்டால் நடைதான்" என்றார். காற்றின் திசையும் நிழற்கரையின் பனியும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தன. "நாலு மணிக்குப் பிறகு மேல நிக்காதேங்கோ அண்ணை" என்றும் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏரி இன்று இப்படி இருப்பது தானாக வாய்த்ததன்று. 1940களில் இதை மின்னுற்பத்திக்கான நீர்த்தேக்கமாக மாற்றும் திட்டம் முனைப்பாக இருந்தது. எதிர்த்தவர்கள் 1944ஆம் ஆண்டில் ஒரு பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினார்கள். ஏரிக்கரை ஊர்களுக்கு இழப்பீடு தரவேண்டியிருந்ததால், 1946இல் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் நாணயங்களை நாடெங்கும் விற்றுப் பணம் திரட்டினார்கள். போர் முடிந்து சாக்லேட் அரிதாக இருந்த காலம் அது. அந்த நாணய விற்பனை இன்றும் ஆண்டுதோறும் வேறுவேறு இயற்கை, மரபுப் பணிகளுக்காகத் தொடர்கிறது. படித்தபோது எனக்கு நம் புலாவ் உபினின் செக் ஜாவா நினைவுக்கு வந்தது. 2001இல் நில மீட்புக்கு ஒதுக்கப்பட்டிருந்த அந்தக் கடற்கரையை கடல் வற்றிய நேரத்தில் போய்ப் பார்த்த ஆயிரக்கணக்கானவர்களில் நாங்களும் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் மீட்பு ஒத்திவைக்கப்பட்டது.

மலோயாவில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது மேற்கே அண்ணாந்து பார்த்தால் தெரியும் சரிவின் மேலே, 2,484 மீட்டர் உயரத்தில், லுங்கின் ஏரி இருக்கிறது. இன் ஆறு அங்கேதான் பிறக்கிறது. அங்கிருந்து இறங்கி, சில்ஸ் ஏரிக்குள் புகுந்து, அடுத்தடுத்த ஏரிகளைக் கோத்துக்கொண்டு ஆஸ்திரியா வழியாகப் போய் டான்யூபில் கலந்து கருங்கடலில் முடிகிறது. லுங்கின் ஏரிக்குச் சற்று மேலே உள்ள 2,645 மீட்டர் கணவாயில் விழும் மழை மூன்று பக்கமும் பிரிந்து ஒரு பங்கு ரைன் ஆற்றின்வழி வடகடலுக்கும், ஒரு பங்கு போ ஆற்றின்வழி ஏட்ரியாட்டிக் கடலுக்கும், ஒரு பங்கு இன் ஆற்றின்வழி கருங்கடலுக்கும் போகிறது. வீட்டு வாசலில் பெய்த மழை அரை நாளில் நீர்த்தேக்கத்தையோ கடலையோ சேர்ந்துவிடும் தீவில் வாழும் எனக்கு, ஒரு துளிக்கு இத்தனை தெரிவுகள் இருப்பது வியப்பாக இருந்தது. முதல் நாள் இரவு புதுப்பனி விழுந்திருந்ததால் அந்த ஏற்றத்தை நாங்கள் கைவிட்டோம்.

பாதைப் பலகைகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது மிக முக்கியம். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அந்நாட்டில் 65,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாதைகள் ஒரே முறையில் குறிக்கப்பட்டிருக்கின்றன. நடைபாதைகளைப் பேணுவதை 1979இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். வெறும் மஞ்சள் குறி என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பட்டை என்றால் மலைப்பாதை: செங்குத்தான, குறுகலான இடங்கள் வரும், கணுக்கால் மூடிய காலணியும் தடுமாறாத நடையும் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் கயிறும் பனிக்கோடரியும் பழகியவர்களுக்கானது. நாம் திரும்பிவிட வேண்டும். பலகையில் போட்டிருக்கும் நேரம், சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. ஓய்வும் உணவும் அதில் சேரவில்லை. மூன்று மரத்துக்கு ஒரு படம் எடுக்கும் எங்களைப் போன்றவர்கள் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் சொந்தக் கணக்கு.

பலகைகளில் 'லேய்' என்றால் ஏரி, 'பிட்ஸ்' என்றால் சிகரம், 'வால்' என்றால் பள்ளத்தாக்கு. இவை ரொமான்ஷ் சொற்கள். அந்நாட்டின் நான்கு தேசிய மொழிகளில் 1938ஆம் ஆண்டில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட அதைப் பேசுவோர் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வழியில் எதிர்ப்படுபவர்கள் "அல்லெக்ரா" என்று வணக்கம் சொல்லிப் போகிறார்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றைச் சிறுபான்மையாகப் பேசும் நமக்கு அந்தப் பலகைகளை நின்று படிக்கத் தோன்றுவது இயல்புதானே. முதல் நாள் கூச்சப்பட்ட மனைவி, மூன்றாம் நாளிலிருந்து எனக்கு முன்னால் "அல்லெக்ரா" சொன்னார்.

இனி என் பிழை. ஐந்தாம் நாள் முவோத்தாஸ் முராய்ல் குன்றுக்குப் போனோம். 1907ஆம் ஆண்டிலிருந்து ஓடும், கம்பிவடம் இழுக்கும் ரயில் ஏறத்தாழ 2,450 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. அங்கே நின்றால், நாங்கள் நான்கு நாள்கள் ஒவ்வொன்றாகச் சுற்றிய ஏரிகளெல்லாம் ஒரே நூலில் கோத்ததுபோல் வரிசையாகத் தெரிகின்றன. அதே மலைச்சரிவின் மேலே 2,731 மீட்டரில் உள்ள குடிசையில்தான் ஓவியர் ஜியோவன்னி செகந்தீனி, மலைக்காட்சி ஒன்றைத் தீட்டிக்கொண்டிருந்தபோது நோயுற்று 1899 செப்டம்பரில் இறந்தார். நாங்கள் குடிசைவரை ஏறவில்லை. சரிவின் குறுக்கே பொந்த்ரெசீனா ஊருக்கு மேலே போய்ச்சேரும் ஏழு கிலோமீட்டர் பாதையைத் தேர்ந்தோம். அதன் முடிவில், கம்பிவடத்தில் நாற்காலிகள் தொங்கும் சேர்லிஃப்ட் ஒன்று ஊருக்குள் இறக்கிவிடும் என்று, பயண ஏற்பாட்டாளர் ஒருவர் எழுதித் தந்த தாளில் இருந்தது.

எதிரே 4,049 மீட்டர் உயரத்தில் பிட்ஸ் பெர்னினா. கிழக்கு ஆல்ப்ஸில் நாலாயிரத்தைத் தாண்டிய ஒரே சிகரம். அதைப் பார்த்துப் பார்த்து நின்றதில், சேர்லிஃப்ட் நிலையத்துக்குப் போய்ச்சேர்ந்தபோது மணி நாலே கால். நாற்காலிகள் அசையாமல் தொங்கின. கதவில் ஒட்டிய தாள் பருவம் முடிந்துவிட்டதைச் சொன்னது. எங்களிடம் இருந்தது கோடைக்கால அட்டவணை. நிறுத்தப்படும் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது, அதைத் தேடிப் பார்க்காதது நான்தான். நாற்பது ஆண்டுகள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குகளில் மின்தூக்கி பழுதுபார்த்தே ஓய்வுபெற்றவன் நான். 'பழுது' என்று அறிவிப்புப் பலகை மாட்டிவிட்டு எத்தனை பேரைப் படியேற வைத்திருப்பேன்! அன்று அந்தக் கதவின் முன்னால் நான் நின்ற கோலத்தைப் பார்த்து, "ஆளை வரச் சொல்லிப் போன் போடுங்க" என்றார் மனைவி.

ஊருக்கு ஏறத்தாழ 500 மீட்டர் இறக்கம். வேர்களும் ஈர ஊசிகளும் மூடிய காட்டுப் பாதை. சூரியன் எதிர்மலைக்குப் பின்னால் இறங்கியதும் குளிர் சட்டென ஏறியது. பாதி வழியிலேயே என் தொடைகள் நடுங்கத் தொடங்கின. மனைவி செங்குத்தான திருப்பங்களில் மரத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். கடைசி இருபது நிமிடம் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நடந்தோம். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றிரவு விடுதிப் படியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. பயணத்துக்கு முன் மூன்று மாதங்கள், எங்கள் பன்னிரண்டு மாடிப் புளோக்கில் தினமும் படியேறிப் பயிற்சி செய்தவன் நான். ஏறியது படியில், இறங்கியது மின்தூக்கியில். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டும், அந்த வேலைக்கு நான் அதைப் பழக்கவே இல்லை. ஒரு மாடிக்கு 2.8 மீட்டர் என்று கொண்டால் எங்கள் புளோக் சுமார் 34 மீட்டர். 500 மீட்டர் இறக்கம் என்பது அதைப் பதினைந்து முறை இறங்குவது. நம் நடைக் குழுக்களில் இதைச் சொல்லித்தருபவர்களை நான் பார்க்கவில்லை.

இருட்டும் அப்படித்தான். ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டி இருட்டும் ஊரில் வளர்ந்த நமக்கு, பொழுது சாயும் நேரம் மாறும் என்பது தெரியும், உடம்புக்குத் தெரியாது. அங்கே அக்டோபர் நடுவில் சூரியன் மறைவது ஆறரையை ஒட்டி. அம்மாத இறுதி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் அது ஐந்து மணியை ஒட்டிப் போய்விடும். மலை மறைப்பதால் பள்ளத்தாக்கில் வெயில் அதற்கும் வெகுமுன்பே போய்விடும். 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான் என்பதால் முதல் இரண்டு நாள்களைச் சமதள நடைக்கே வைத்துக்கொள்வதும், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து உண்பவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேட்பதும் அவசியம். உடைக்கு நம்மவர்கள் ஒரே தடித்த கோட்டு வாங்குகிறார்கள். ஏற்றத்தில் வியர்த்து, கழற்றி, நின்றதும் நடுங்குகிறார்கள். மெல்லியதாக மூன்று அடுக்கு போதும், பருத்தி பனியன் மட்டும் வேண்டாம். மலையுணவகங்கள் பலவும் அப்பருவத்தில் மூடியிருக்கும், கட்டுச்சோறு கட்டாயம். எங்களுக்குப் புளியோதரை கைகொடுத்தது. மலை மீட்புச் செலவு பயணக் காப்புறுதியில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஹெலிகாப்டர் மீட்புக்கு அங்கே 1414 என்ற எண், பொதுவான அவசர எண் 112.

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு அக்டோபர் ஒத்துவராது என்பதை அறிவேன். செப்டம்பர் விடுமுறை லார்ச் நிறம் மாறுவதற்கு முந்தியும் ஆண்டிறுதி விடுமுறை எல்லாம் உதிர்ந்த பிறகும் வருகின்றன. ஆனால் ஓய்வுபெற்ற மூத்தோருக்கு எந்தத் தடையும் இல்லை, குழுப் பயணங்களில் மிகுதியாகப் போகிறவர்களும் அவர்கள்தான். ஆகவே பயண ஏற்பாட்டாளர்களுக்கு என் வேண்டுகோள்: ஐந்து நாடுகளில் ஒன்றைக் குறைத்து, ஏதேனும் ஓர் ஏரிக்கரை ஊரில் இரண்டு இரவு தங்கவிடுங்கள். முடிந்தவர்கள் மலோயாவரை நடக்கட்டும், முடியாதவர்கள் ஈசொலாவரை போய்த் திரும்பட்டும், அதுவும் இயலாதவர்களுக்குக் கார்கள் பொதுவாக அனுமதிக்கப்படாத வால் ஃபெக்ஸ் பள்ளத்தாக்குக்குக் குதிரைவண்டி இருக்கிறது. தரும் தாளில் ஒவ்வொரு கேபிள் காரும் சேர்லிஃப்ட்டும் எந்தத் தேதியோடு நிற்கிறது என்று குறிப்பிடுங்கள். அங்குள்ளவற்றில் பல, அக்டோபர் முடிவதற்குள் நின்றுவிடுகின்றன. சமூக மன்றங்களின் நடைக் குழுக்கள் ஐரோப்பா போகிறவர்களுக்காக மூன்று மாதப் படிப் பயிற்சி நடத்தினால், இறங்குவதையும் அதில் சேர்க்க வேண்டும். நம் செய்தித்தாள் பயணக் கட்டுரை வெளியிடும்போது பாதையின் நீளம், ஏற்றம், குறியின் நிறம் ஆகிய மூன்றையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் வாசகர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் புளோக்கில் இப்போது எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம், மூத்தவருக்கு எழுபத்து மூன்று வயது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு மின்தூக்கியில் பன்னிரண்டாம் மாடிக்குப் போய்ப் படிவழியே இறங்குகிறோம். திரும்ப மின்தூக்கியில் ஏறி மறுபடி இறங்குகிறோம். இரவு வேலை முடிந்து வரும் ஆறாம் மாடிக்காரர், மின்தூக்கிதான் ஓடுகிறதே அங்கிள் என்று வாரந்தோறும் எங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார். சென்ற வெள்ளிக்கிழமை பதினோராவது இறக்கத்தை எட்டினோம்; லுங்கின் ஏரியிலிருந்து மலோயாவுக்குக் கிட்டத்தட்ட 670 மீட்டர் இறக்கம் என்பதால் எங்களுக்கு இன்னும் ஒன்பது மிச்சமிருக்கிறது.

நன்றி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்தூக்கித் தொழில்நுட்பர்,
ஈசூன், சிங்கப்பூர்